யாருமில்லை என்றொரு பதில்

ஆரப்பாளையம் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று சுகந்தி பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள், பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணின் மடிமீது கண் போய்விட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அந்தப் பெண் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

> நவநீதனிடம் கேள்: பெண்டாட்டி செத்ததற்கு நீ ஏன் அழவில்லை?

நவநீதன் தரையைப் பார்க்கிறான். வேட்டி நுனியைக் கசக்குகிறான். "எனக்கு அழுகை வரவில்லை" என்கிறான்.

"சரியான கல்நெஞ்சன்டி" என்று அந்தப் பெண் முன்சீட்டுத் தோழியிடம் சொன்னாள். "இவன்தான். நான் எழுதியே தர்றேன்."

நவநீதன் சுகந்தியின் கூடப்பிறந்த தம்பி. வேட்டி கட்டவே தெரியாதவன். கல்யாணத்தன்றுகூட ஒட்டிக்கொள்கிற வேட்டிதான். பெண்டாட்டி செத்த அன்று அவன் கதறிய கதறலில் பக்கத்து வீட்டு ஆண்கள் ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதித் தூரத்தை வெயிலிலேயே நடந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் திடுதிப்பென்று மழை பிடித்துக்கொண்டது. தம்பி மனைவி தாரணி, மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். வெளிப்பக்கத்து இரும்புப் படியில் கால் வழுக்கிக் கீழே விழுந்தாள். நவநீதன் குளித்துக்கொண்டிருந்தான். சுகந்தி, மொத்த மருந்துக் கடையில் நாளெல்லாம் ஆர்டர் தட்டிவிட்டு வந்த அலுப்பில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. போலீஸ் வந்தது, அளந்தது, எழுதியது, விபத்து என்று முடித்தது. இதில் கொலையும் கிடையாது, மர்மமும் கிடையாது. இரும்பு நனைந்திருந்தது, அவள் விழுந்தாள்.

தாரணியின் அப்பா கோதண்டத்துக்கு அது போதவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. பெற்று வளர்த்த ஒரே பெண் நாலு துணிக்காகச் செத்துப்போனாள் என்பதை எந்தத் தகப்பனால் முழுங்க முடியும்? அவருக்கு யாரையாவது வெறுத்தாக வேண்டும். வழக்கைக் கொண்டுபோய்த் துப்பறையில் ஏற்றிவிட்டார்.

துப்பறை தெரியாதவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்! ஆரம்பத்தில் அது வெறும் விளையாட்டுத்தான். எழுத்திலேயே நடக்கிற துப்பறியும் கதை. 'சமையலறைக்குப் போ' என்று தட்டினால் அங்கே என்ன கிடக்கிறது என்று சொல்லும். 'தோட்டக்காரனிடம் கேள்' என்றால் தோட்டக்காரன் பதில் சொல்வான். கடைசியில் 'குற்றம் சாட்டு' என்று தட்டி ஒரு பேரைச் சொன்னால் கதை முடியும். பிறகு போலிப் படங்களால் ஊரே நாறிப்போய், இருக்கிற மனிதர்களின் முகத்தையும் குரலையும் இயந்திரம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. மற்ற கம்பெனிகள் படுத்துவிட்டன. துப்பறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். சட்டத்தில் முகம் என்றும் குரல் என்றும்தானே இருக்கிறது, எழுத்து என்று இல்லையே! நிஜ வழக்குகளை எடுத்தார்கள். போலீஸ் அறிக்கை, வாக்குமூலம், தெருக் கேமராப் பதிவு எல்லாவற்றையும் உள்ளே கொட்டி, வந்து துப்பறியுங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார்கள். ஊருக்குக் கசக்குமா?

இதன் முடிவு கோர்ட்டில் செல்லாது. ஆனால் வாடகைக்கு வீடு கொடுப்பவர் பேரைப் போட்டுப் பார்ப்பார். பெண் கொடுப்பவர் பார்ப்பார். நவநீதன் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில் பெற்றோர்கள் பார்த்தார்கள். "வழக்கு முடியட்டும் சார், அப்புறம் பாக்கலாம்" என்று தாளாளர் தன்மையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் வாசல் கதவில் சாணியை அடித்துவிட்டுப் போனான்; அதைக்கூட அவனே ஒரு வார்த்தை பேசாமல் கழுவினான். பார்த்துக்கொண்டு நின்ற சுகந்திக்குப் பெற்ற வயிறு இல்லாமலே பற்றியெரிந்தது. அம்மா போனபோது அவன் பால்பல் விழாத பையன். அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டியவள் அவள்தான்.

வருஷம் திரும்பினால் வழக்கை மூடிவிடுவார்கள். மூடுகிற நேரத்தில் கதை யார்பக்கம் சாய்ந்திருக்கிறதோ அவர் பேர் நிரந்தரமாக நின்றுவிடும். ஐப்பசி பிறந்துவிட்டது. நவநீதன் பேர்தான் உச்சியில் இருந்தது. தாலி கட்டிய பெண்டாட்டியைக் கொன்றவன் என்று அவன் சாகிறவரைக்கும், செத்த பிறகும் இருக்கப்போகிறான். அதனால்தான் சுகந்தி அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சிம்மக்கல்லில் இருந்த துப்பறை அலுவலகத்தின் படியேறினாள்.

அங்கே வழக்குகளைப் பராமரிக்கிற பெண் ஜைனப், தாரணியோடு கல்லூரியில் படித்தவள். கல்யாணத்தில் பிரியாணி எங்கே என்று பந்தியில் ரகளை பண்ணியவள். சுகந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா, அவன் வேட்டியே கட்ட மாட்டான். உங்க கதைல வேட்டியக் கசக்குறான்" என்று சுகந்தி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"அது மிசினாப் போட்டுக்கிறதுதான்க்கா. அதுக்குத் தெரிஞ்சது கொஞ்சந்தான். மிச்சத்த அதுவே நிரப்பிக்கும்."

"எத வச்சு நிரப்பும்?"

"கேக்குறவங்கள வச்சு." ஜைனப் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "கொலைகாரன் யாருன்னு உள்ள எழுதியெல்லாம் வைக்கிறதில்லக்கா. ஜனங்க யாரத் துருவித் துருவிக் கேக்குறாங்களோ, அந்த ஆளு கொஞ்சங் கொஞ்சமா மாட்டுற மாதிரி கதைய வளைச்சுக் குடுக்கும். அப்பத்தான வெளையாடுறவங்களுக்கு நாமளே கண்டுபிடிச்சோம்னு ஒரு இது."

"அப்ப போலீஸ் எழுதுனது?"

"அது செவரு மாதிரி. செவத்த மிசின் இடிக்காது. செவத்துக்கு நடுவுல என்னத்த வேணாலும் வைக்கும்."

"நல்லாருக்கும்மா உங்க நியாயம். யாரும் கொல்லல, வழுக்கி விழுந்துட்டான்னு முடிச்சு விடு."

"அதுக்கு வழியே கட்டலக்கா. 'யாருமில்ல'ன்னு ஒரு பதில் இதுல கிடையாது. கொலைகாரன் இல்லாத கதைய யாரு வெளையாடுவா?"

சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, கடையில் இல்லாத மாத்திரைக்கு மாற்று சொல்வதைப்போல நிதானமாகக் கேட்டாள். "அன்னைக்கு வீட்ல இன்னொரு ஆளும் இருந்தாள்ல?"

ஜைனப்புக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வேணாம்."

"உள்ள நான் இருக்கேனா, இல்லையா?"

"இருக்கீங்க. சாட்சியா. தூங்கிட்டு இருந்தேன்னு சொல்வீங்க, எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்க."

"நான் ஒருத்தி கேட்டாச் சாயுமா? ஊரே அவனப் போட்டுக் கேக்குதே."

"தலையெண்ணிக்கை இல்லக்கா. செவத்தோட ஒத்துப்போற மாதிரி புதுசா ஒரு விசயம் கொண்டு வர்ற கேள்விக்குத்தான் எடை. அரைச்ச மாவையே அரைக்கிறவங்கள மிசின் கண்டுக்காது." சொல்லிவிட்டு ஜைனப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா சொந்தக்காரங்க வெளையாடக் கூடாதுன்னு விதி இருக்கு. தெரிஞ்சு யாராச்சும் ஒரு புகார் குடுத்தாப் போதும், வழக்க மூடியிருந்தாக்கூட பழைய நெலைக்கே தள்ளிருவாங்க. அப்புறம் நவநீதன் அண்ணன் பேருதான் நிக்கும். மாத்தவே முடியாது."

"யாரு குடுக்கப் போறா? உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

ஜைனப் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த ஒரு கணினியைத் திறந்து, ஏதோ ஒரு பேரில் உள்ளே நுழைந்து, "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று யாரிடமோ சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இந்தக் கறுப்புத் திரை சுகந்திக்குப் புதிதில்லை. அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமைகளில் நவநீதன் மீன் வாங்கப் போயிருக்கும் நேரத்தில், அக்காவும் தம்பி மனைவியும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து துப்பறை ஆடுவார்கள். ஜமீன் மாளிகை, காணாமல்போன அட்டிகை என்று எல்லாம் கற்பனைக் கதைகள். தாரணி தட்டுவாள், சுகந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சந்தேகப்படுவாள். யாரை விசாரித்தாலும் தாரணி முதலில் 'சாப்பிட்டாயா?' என்றுதான் கேட்பாள். கொலைகாரனுக்கும் அதே மரியாதைதான். "ஒரே விசயத்த வேற வேற மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டா எவனா இருந்தாலும் கக்கிருவான் அண்ணி" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

> உள்ளறைக்குப் போ

உள்ளறை. கட்டிலில் சுகந்தி உட்கார்ந்திருக்கிறாள். நவநீதனின் அக்கா. கல்யாணமாகாதவள். முகத்தில் களைப்பு.

அந்த நிலைமையிலும் சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகாதவள் என்பதை முதலில் சொல்லாவிட்டால் இயந்திரத்துக்கும் சோறு இறங்காது போலிருக்கிறது! விரல்களை விசைகளின்மேல் வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது? பொய்யாக எதையாவது இட்டுக்கட்டினால் சுவரில் மோதும். உண்மையாக இருக்க வேண்டும். யாருக்கும் தெரியாததாகவும் இருக்க வேண்டும்.

> சுகந்தியிடம் கேள்: கல்யாணமான புதிதில் தாரணி உன்னை அடுக்களையில் வைத்து என்ன சொன்னாள்?

"எந்த நாளைக் கேட்கிறீர்கள்?" என்கிறாள் சுகந்தி. பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

> சுகந்தியிடம் கேள்: 'இனிமேல் அவருக்கு நான் சோறு போடுகிறேன், நீங்கள் கொஞ்சம் அவரை விடுங்கள் அண்ணி' என்று அவள் சொன்னது உனக்கு வலிக்கவில்லையா?

"வலித்தது" என்கிறாள் சுகந்தி. "நான் வளர்த்த பிள்ளையை விடச் சொன்னாள்."

இது நடந்ததுதான். தாரணி சொன்னதும் நிஜம், சுகந்திக்குச் சுருக்கென்று தைத்ததும் நிஜம். ஆனால் அன்று சாயங்காலமே தாரணி வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "கோவமா அண்ணி? நான் ஒரு லூசு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து வாழைக்காய் பஜ்ஜி போட்டுத் தின்றார்கள். அந்தப் பாதியைச் சுகந்தி தட்டவில்லை.

மறுநாளும் லீவு போட்டாள். அதற்கு மறுநாளும். தம்பியைப் படிக்க வைப்பதற்காக வேண்டாம் என்று சொன்ன நல்ல வரனைப் பற்றிக் கேட்டாள். தனக்கென்று அம்மா விட்டுப்போன வளையலைத் தாரணி கையில் போட்டுவிட்ட நாளைப் பற்றிக் கேட்டாள். அவன் பெண்டாட்டியோடு சினிமாவுக்குப் போன மாலைகளில் தனியாக உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்டாள். எல்லாமே நிஜம். எந்த வீட்டில்தான் இதெல்லாம் இல்லை? சந்தோஷத்தோடு சேர்ந்து கிடந்தபோது அவை உப்புக்கல் அளவுகூட இல்லை. தனியாகப் பொறுக்கி எடுத்து வைத்தபோது பார்க்கவே பயமாக இருந்தது. இயந்திரம் ஒவ்வொன்றாக வாங்கிக் கோத்துக்கொண்டே போனது.

> சுகந்தியிடம் கேள்: மழை வந்தபோது நீ நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாயா?

"இல்லை" என்கிறாள் சுகந்தி. "மழைச் சத்தத்தில் எழுந்துவிட்டேன். அவள் படியேறுவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது."

கேட்டது அவள்தான். இந்தப் பதிலுக்காகத்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். "பொய்! பொய்யி!" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். அப்புறம், அந்தச் சினிமா மாலைகளில் ஒரு மாலையிலாவது, ஒரு நொடியாவது, இவள் வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தோமா இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நினைத்திருக்கிறாள். அதுதான் அவளைப் போட்டு உலுக்கியது. "ஆனா நான் ஒண்ணும் பண்ணலம்மா தாரணி. தூங்கிட்டேன். தூங்கித்தான் போனேன்" என்று விசைப்பலகையின்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஜைனப் பின்னால் வந்து நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சுகந்தி எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் என்றதும் ஊருக்கு இனித்தது. கல்யாணமாகாத நாத்தனார் வேறு, சொல்லவா வேண்டும்! சும்மா இருந்தவர்களெல்லாம் உள்ளறைக்குப் படையெடுத்தார்கள். அவரவர் வீட்டு நாத்தனார்மேல் இருந்த ஆத்திரத்தை எல்லாம் இவள்மேல் கொட்டிக் கேட்டார்கள். ஆளுக்கொரு புது வாக்குமூலம் கிடைத்தது. வழக்கு மூடிய அன்று நவநீதன் பேர் எங்கோ கீழே போய், உச்சியில் சுகந்தி நின்றாள்.

மருந்துக் கடை முதலாளி, "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரும்மா" என்றார். கோயிலில் பக்கத்தில் நின்றிருந்த பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். இதெல்லாம் வரும் என்று சுகந்திக்குத் தெரியும். பள்ளியிலிருந்து தாளாளரே தம்பிக்குப் போன் செய்து, "திங்கக்கிழமை வந்துருங்க சார்" என்று சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாளே, அது போதாதா? கோதண்டம் வீடு தேடி வந்தார். நவநீதன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்களப் போயி நெனச்சிட்டனே மாப்ள" என்று தேம்பினார். சுகந்தி கொண்டுபோய் வைத்த தண்ணீரை அவர் தொடவில்லை. தொடாவிட்டால் போகிறார், பாவம், அவருக்கும் வெறுக்க ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. வேலையில் சேரட்டும், ஆள் கொஞ்சம் தேறட்டும், பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்றிருந்தாள். அவனுக்குச் சொல்லவே வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றியது. ஊர் ஆயிரம் பேசும். யார் நம்பினாலும் அவன் நம்புவானா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிட்டாள். நவநீதன் வெளியே வந்தான். முகத்தை மழித்திருந்தான். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தான்! கையில் பை இருந்தது.

"கோதண்டம் மாமா வீட்டுக்குப் போறேன்க்கா. அங்க இருந்தே பள்ளிக்கூடம் போயிக்கிறேன்."

"என்னடா திடீர்னு? சாப்ட்டுட்டுப் பேசு, உக்காரு."

அவன் உட்காரவில்லை. "மூடுன வழக்குதான, நேத்து நான் உள்ள போயித் தட்டிப் பாத்தேன்."

சுகந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முதல்ல நான் நம்பவே இல்ல. எங்கக்காவப் போயி சொல்றாங்களேன்னு அப்படி ஒரு ஆத்திரம். மிசின் என்னத்தையோ உளறுது, நிரூபிச்சிருவோம்னுதான் போனேன். அங்க அந்த அடுக்களை விசயம் இருந்துச்சு. சோறு போடுறது. நீங்க அவர விடுங்கன்னு அவ சொன்னது." அவன் குரல் நின்று நின்று வந்தது. "அன்னைக்கு ராத்திரி தாரணி என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாக்கா. அண்ணி மனசு நோகுற மாதிரி பேசிட்டேன்னு. அது எனக்கும் அவளுக்கும் உனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மிசினுக்கு எப்படித் தெரியும்? நீ யாருகிட்டயாச்சும் சொன்னாத்தான தெரியும்? போலீஸ்கிட்ட தூங்கிட்டேன்னு மட்டுந்தான சொன்ன? இது நெசம்னா, பின்னாலேயே போனேன்னு அது சொல்றதும் நெசந்தானா?"

சுகந்தி வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான்டா தட்டினேன், உனக்காகத் தட்டினேன். அது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவனை அவளுக்குத் தெரியாதா? அவள் வளர்த்த பிள்ளை அல்லவா! தன் பழியை அக்கா சுமக்கிறாள் என்று தெரிந்த மறுநிமிஷம், செருப்பை மாட்டிக்கொண்டு சிம்மக்கல்லுக்கு ஓடுவான். முதல் புகார் அவனுடையதாகத்தான் இருக்கும். வழக்கு பழைய இடத்துக்குப் போகும். அவன் பேர் மறுபடியும் உச்சிக்கு வந்து, அங்கேயே நின்றுவிடும். இவன் திரும்ப அந்த அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்வான்.

வாயை மூடிக்கொண்டாள்.

அவள் பேசாமல் நின்றதை அவன் பார்த்தான். மறுத்துவிட மாட்டாளா என்று அவன் கண் கெஞ்சியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கெஞ்சலும் போய்விட்டது.

"போலீசுக்கெல்லாம் போக மாட்டேன்" என்றான். "நீ இல்லன்னா நான் இல்ல. அத நான் மறக்கல. ஏன் பண்ணேன்னு கேக்கவும் எனக்குத் தெம்பில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நான் கொழாயத் தெறந்துவிட்டுக் குளிச்சிட்டு இருந்தேன்க்கா, எனக்கு எதுவுமே கேக்கல. இந்த ஒரு வருசமா அதையேதான் நெனச்சிட்டுக் கெடக்கேன். நீ பக்கத்துல இருந்திருக்க." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "கடைசியா அவ எதாச்சும் சொன்னாளா?"

சுகந்தி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"உன் பேரத்தான்டா கூப்பிட்டா."

நவநீதன் கண்ணை மூடித் திறந்தான். "அது போதும்க்கா" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனான்.